அம்மாவின் தொப்புளில் கட்டி: ஓவரி கேன்சர் இப்படியும் வெளியே வருமா?

மோல்மீன்மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவின் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். இங்கே மின்சாரம் வருகிற நேரத்தில்தான் போனில் சார்ஜ் ஏறும், அதற்கப்புறம் விபிஎன் கிடைக்க வேண்டும். பதில் போடத் தாமதமானால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு 63 வயது. நான் பெரிய மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் தையல்கடை வைத்திருக்கிறேன். அம்மாவின் ரவிக்கை எல்லாம் நான் தைத்ததுதான். 2021 கடைசியில் மூன்றே மாதத்தில் அவர் இடுப்பளவு ஐந்து அங்குலம் கூடியது, கைகள் மட்டும் சூம்பிக்கொண்டே போயின. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. வாயு என்று ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். மீன்குழம்பில் போட்ட நூடுல்ஸான மொய்ங்கா இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்று கிண்ணத்தைத் தள்ளினார். கடைசியில் ரங்கூனுக்குக் கூட்டிப்போய், வயிற்றிலிருந்து நான்கு லிட்டர் நீர் எடுத்தபிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. ஓவரி, அதாவது சினைப்பை கேன்சர். ஹை கிரேடு சீரஸ் என்ற வேகமாக வளரும் வகை, வயிற்றுக்குள் பரவிவிட்ட 3சி நிலை.

முதலில் மூன்று கீமோ, பிறகு பெரிய ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ. மருந்துகள் கார்போபிளாட்டின், பக்ளிடாக்செல். 2022 ஜூனில் எல்லாம் முடிந்தது. இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 என்ற எண் 1,840 இருந்தது, கடைசியில் 14 ஆக இறங்கியது. பீலிக்கான் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டதைப் போய்ச் செலுத்திவிட்டும் வந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தினமும் படுக்குமுன் தொப்புளில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் வைக்கும் பழக்கம். தட்டோனில் இருந்த என் பாட்டி பழக்கியது. கீமோ நாட்களில் வாந்தி எடுத்துக்கொண்டே கூட வைத்துக்கொள்வார். இந்தத் தை மாதம் ஓர் இரவு, "விரலுக்கு என்னமோ கொண்டைக்கடலை மாதிரித் தட்டுப்படுதுடி" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொப்புளின் அடியில் கொஞ்சம் ஊதாச் சிவப்பாக ஒரு முண்டு. வலி இல்லை. அழுத்தினால் உள்ளே போகவில்லை.

இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம். கட்டிலில் படுக்கக்கூடச் சொல்லவில்லை, நின்றபடியே பார்த்துவிட்டு, ஆபரேஷன் ஆனவர்களுக்கு வரும் ஹெர்னியா, பெல்ட் கட்டுங்கள் என்றார்கள். பெல்ட்டும் நானே தைத்தேன். ஏழு வாரம் ஆகிறது. கடலை இப்போது சின்ன நெல்லிக்காய் ஆகியிருக்கிறது. நேற்று நானாகவே சிஏ 125 எடுக்கச் சொன்னேன். 61 வந்திருக்கிறது. எட்டு மாதமாக அந்த டெஸ்டை எடுக்காமல் விட்டது என் தப்பு. வழியில் கெடுபிடி, கையில் காசும் இல்லை, தள்ளிக்கொண்டே போய்விட்டது.

நான் கேட்க நினைப்பது இதுதான். வயிற்றுக்குள் இருந்த நோய் தொப்புள் வழியாக எட்டிப் பார்க்குமா? அங்கே வந்தால் உடம்பில் வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? ரங்கூன் போதுமா, சென்னைக்கே போக வேண்டுமா? தம்பி மலேசியாவில் இருக்கிறான், கடன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். அம்மாவோ "ஒரு முண்டுக்கு இத்தனை அமளியா, நீ போய் கடையைத் திற" என்கிறார்.

பகோ மாமா எழுதியது:

பயப்படாதே அம்மா. இது தொப்புள் சரிவு. எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி சொம்பு கவிழ்த்துத் தொப்புள் எடுப்பார், மூன்று காலை வெறும் வயிற்றில் போனால் போதும். என் மச்சினிக்கும் இப்படித்தான் துருத்திக்கொண்டிருந்தது, ஹெர்னியா என்று தைத்துவிட்டார்கள், இன்றைக்கும் நன்றாக நடமாடுகிறாள். ஒன்று மட்டும் சொல்வேன். யார் சொன்னாலும் அந்தக் கட்டியில் ஊசி குத்த விடாதே. ஊசி பட்டால் சும்மா கிடக்கும் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும்.

பழைய நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, நான் ரங்கூனில் 31 வருடம் நர்ஸ், பாதி வார்டில், பாதி ஆபரேஷன் தியேட்டரில். இப்போது மூட்டுவலியோடு வீட்டில் இருக்கிறேன். முதலில் அந்தப் பெல்ட்டைக் கழற்று. அடுத்து, சொம்பு கவிழ்க்க யாரையும் விடாதே. பகோ மாமா கோபிக்க வேண்டாம், நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் ஓவரி கேன்சர் வந்துபோன வயிற்றில் சொம்பு வைத்து இழுப்பது விளையாட்டில்லை.

ஹெர்னியா என்றால் படுத்ததும் பெரும்பாலும் உள்ளே அமுங்கும், இருமினால் விரலில் வந்து முட்டும், தொட்டால் மெத்தென்று இருக்கும். நீ எழுதியிருப்பது கெட்டியானது, உள்ளே போகாதது, நிறம் மாறியது, ஏழு வாரத்தில் வளர்ந்தது. சிஏ 125 வேறு நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. நான் பார்த்த வரையில் இது நோய் திரும்பி வந்ததாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. என் கண் பார்த்துச் சொல்வது நிரூபணம் ஆகாது. அதற்கு ஊசி வேண்டும், பின்னால் வருகிறேன்.

தொப்புளில் வரும் இந்தக் கட்டிக்கு ஒரு நர்ஸின் பெயர் இருக்கிறது தெரியுமா? சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரின் செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் கைகொடுத்த கன்னியாஸ்திரீ அவர். ஆபரேஷனுக்குமுன் நோயாளியின் வயிற்றைத் தேய்த்துக் கழுவுகிறபோது, சிலருக்குத் தொப்புளில் கெட்டியாக ஒன்று கையில் படும். அவர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே கேன்சர் பரவிக் கிடக்கும். இதை முதலில் பிடித்தது அவர் விரல்தான். மேயோ 1928இல் எழுதினார். ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய சர்ஜன் 1949இல் அவர் பெயரை அதற்கு வைத்தார். சிஸ்டர் 1939இலேயே இறந்துவிட்டார், தெரிந்திருக்க நியாயமில்லை. எண்ணெய் வைத்த உன் அம்மா விரலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. பெல்ட் எழுதிக் கொடுத்தவர் தொட்டே பார்க்கவில்லை.

ஏன் தொப்புள் என்று கேட்பாய். ஓவரி கேன்சர் மற்றவை போல முதலில் ரத்தத்தில் ஏறி ஓடுவதில்லை. வயிற்றுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். உதிர்ந்த செல்கள் அந்த நீரில் மிதந்து வலது பக்கமாக மேலேறி, ஈரலுக்கு மேலே உதரவிதானத்தின் அடியில் போய் ஒட்டும். குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையில் விதைத்ததுபோல் முளைக்கும். அதனால்தான் ஆபரேஷனில் அந்தத் திரையையும் எடுக்கிறார்கள். தொப்புள் என்பது வயிற்றுச் சுவரிலேயே மெலிந்த இடம். உள்சவ்வுக்கும் தோலுக்கும் நடுவில் அங்கே தசை கிடையாது. நாம் தாய் வயிற்றில் இருந்தபோது ஓடிய குழாய்கள் நார்களாகி இன்னும் அங்கேதான் வந்து சேர்கின்றன. கூடவே உன் அம்மாவுக்கு நடுவயிற்றில் வெட்டிய தழும்பு தொப்புளைச் சுற்றித்தான் போயிருக்கும். தழும்பிலும் இது முளைப்பதுண்டு. நீர் எடுக்க ஊசி போட்ட துவாரத்திலும், கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி துளையிலும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு எங்கெல்லாம் என்று கேட்டிருக்கிறாய். உனக்குத் தூக்கம் போக வேண்டாம் என்பதால் அளவோடு சொல்கிறேன். பெரும்பாலும் இந்த நோய் வயிற்றை விட்டு வெளியே வராது. வெளியே வந்தால் நாங்கள் அடிக்கடி பார்த்தது நெஞ்சுக்கூட்டில் நீர் கோப்பது, மூச்சு வாங்கும். அடுத்தது நெறிகள். தொடை இடுக்கில், இடது காறை எலும்புக்கு மேலே கழுத்தில். வயிற்றின் நிணநீர் எல்லாம் ஒரு குழாயில் ஏறி இடது கழுத்தில்தான் கொட்டுகிறது, அதனால் இடது பக்கம். அதற்கப்புறம் அபூர்வமானவை. எலும்பு, மூளை, மண்ணீரலின் உள்பகுதி, அக்குள், மார்பு, தோல். எலும்பிலும் மூளையிலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் கணக்குதான். ஆனால் இரவில் படுத்தால் கூடுகிற முதுகுவலியும் கால் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதே. தண்டுவடம் நசுங்கினால் மணிக்கணக்குதான் அவகாசம்.

எட்டு மாதம் டெஸ்ட் எடுக்கவில்லை என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. இதைப் பெரிய அளவில் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். சிஏ 125 ஏறியவுடனே கீமோ ஆரம்பித்தவர்களும், அறிகுறி வரும்வரை பொறுத்து ஆரம்பித்தவர்களும் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. முன்கூட்டி ஆரம்பித்தவர்கள் கூடுதல் கீமோவைச் சுமந்ததுதான் மிச்சம்.

இனி ஊசி. பகோ மாமா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஓவரிக்குள்ளேயே அடங்கிய, உடையாத கட்டியில் வெளியிலிருந்து ஊசி போட மாட்டார்கள். உடைந்து வயிற்றுக்குள் சிந்திவிடும் என்ற பயம். தொப்புளில் வந்து நிற்பது ஏற்கெனவே பயணம் முடித்து வந்தது. அதில் மெல்லிய ஊசியால் நாலு செல் எடுப்பதால் நிலைமை கெடாது. எடுக்காமல் கீமோ போடுவதுதான் இருட்டில் கல்லெறிவது.

சென்னை அவசரம் இல்லை. ஊசி டெஸ்டும் நெஞ்சு வயிறு இரண்டுக்கும் சிடி ஸ்கேனும் ரங்கூனிலேயே ஆகும். முடிவு கையில் வந்தபின் சென்னையைப் பற்றி யோசி. கடன் வாங்குவதையும் அதுவரை தள்ளிப்போடச் சொல்.

சிட்டாங்கரை எழுதியது:

நர்ஸ் அக்கா எழுதியதில் மூளையைப் பற்றி ஒரு வரி இருந்தது. என் மனைவி அந்த ஒருவர் இருவரில் ஒருத்தி.

ஓவரி கேன்சர் சிகிச்சை முடித்து மூன்று வருடம் சும்மா இருந்தாள். வயிறு சுத்தம், சிஏ 125 இருபதுக்குக் கீழே. கோயில் திருவிழாவில் கோலம் போட உட்கார்ந்தவள் புள்ளிகளை நேராக வைக்க முடியாமல் எழுந்துவிட்டாள். கை ஒரு பக்கமாகவே போகிறது என்றாள். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி எடுத்தால் லேசாகும். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். எண் நன்றாக இருக்கிறதே, இது அதுவாக இருக்காது என்று டாக்டர்களும் நினைத்தார்கள். மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தபோது சிறுமூளையில் ஒரே ஒரு கட்டி. ஒன்றே ஒன்று இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்து, மேலே ரேடியேஷன் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருடமும் நான்கு மாதமும் இருந்தாள். அதில் பத்து மாதம் நன்றாகவே இருந்தாள், மருமகளுக்குக் கோலம் சொல்லிக் கொடுத்தாள்.

கீமோ மருந்து ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாக நுழைவதில்லை, அதனால் வயிற்றில் சாகிற செல் அங்கே தப்பித்துவிடுகிறது என்று பிறகு ஒரு டாக்டர் விளக்கினார். உங்கள் அம்மாவுக்குத் தலைவலி இல்லையென்றால் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் அம்மா. எண் நன்றாக இருக்கிறது என்று உடம்பு சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

மெழுகுக்கட்டி எழுதியது:

சென்னை வியாசர்பாடி. அப்பாவும் அம்மாவும் 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நான் இங்கே பிறந்தவன், ஆனால் வீட்டில் இன்றும் ஞாயிறு என்றால் பர்மா நூடுல்ஸ் அத்தோதான். 22 வருடமாக பயாப்ஸி லேபில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, ஸ்லைடு செய்து கொடுப்பவன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள் சகோதரி.

பர்மாவிலிருந்து வருபவர்கள் ஒரு பெரிய கவரில் எக்ஸ்ரே, ஸ்கேன், ரசீது எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவருவார்கள். முக்கியமானதை விட்டுவிட்டு வருவார்கள். அதுதான் பிளாக். 2022இல் ஆபரேஷன் செய்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. உங்கள் அம்மாவின் பிளாக் ரங்கூனில் ஆபரேஷன் நடந்த இடத்து லேபில் இருக்கும், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தொப்புளில் எடுப்பதையும் பழைய பிளாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் "இது அதுதான்" என்று அடித்துச் சொல்ல முடியும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? தொப்புள் கட்டி ஓவரியிலிருந்து மட்டும் வருவதில்லை. இரைப்பை, பெருங்குடல், கணையம் எல்லாமே அங்கே வந்து தலைகாட்டும். ஒருவருக்கு ஒரு கேன்சர்தான் வரும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இளம்பெண்களுக்கு மாதவிலக்கு நாளில் வலித்து வீங்கும் எண்டோமெட்ரியோசிஸ்கூடத் தொப்புளில் வரும், அது கேன்சரே இல்லை.

என் கையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர், ஓவரி கேன்சர் முடிந்து நான்கு வருடம் கழித்து அக்குளில் நெறி. ஊரில் டிபி என்று முடிவு செய்து ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் நெறி கட்டினால் முதலில் டிபி நினைவு வருவதில் தப்பில்லை, பத்தில் பல முறை அதுவாகத்தான் இருக்கிறது. வயிற்று டிபி சிஏ 125ஐக் கூட ஏற்றிவிடும், நீர் கோக்கும், ஓவரி கேன்சர் போலவே வேஷம் போடும். அதனால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். ஆனால் அந்த நெறியில் ஆறு மாதத்தில் ஒருமுறைகூட யாரும் ஊசி வைத்துப் பார்க்கவில்லை. இங்கே வந்தபோது மார்பிலும் ஒரு கட்டி. சரி, இது மார்பகக் கேன்சர், அக்குளுக்குப் பரவியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். மார்பகத்துக்கு ஆபரேஷன் தேதி வரை பேச்சு போய்விட்டது.

சாயம் போட்டபிறகு கதை மாறியது. செல்லின் ஊர் எது என்று சொல்லும் சாயங்கள் உண்டு. பேக்ஸ் 8 என்பது ஓவரி, கருப்பை, சிறுநீரகம், தைராய்டு செல்களில் பிடிக்கும், மார்பகத்தில் பிடிக்காது. காட்டா 3 அதற்கு நேர்மாறு, மார்பகத்தில் பிடிக்கும். அந்த அம்மாவின் ஸ்லைடில் பேக்ஸ் 8 பளிச்சென்று பழுப்பாக ஏறியது, காட்டா 3 வெள்ளையாகவே நின்றது. ஓவரிதான் நான்கு வருடம் கழித்து மார்புக்கும் அக்குளுக்கும் போயிருக்கிறது. மார்பகத்தை எடுக்கும் ஆபரேஷன் ரத்தாகிக் கீமோ ஆரம்பித்தார்கள். ஓவரி கேன்சர் மார்புக்குப் போவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, எங்கள் லேபில் இத்தனை வருடத்தில் இரண்டோ மூன்றோதான்.

பிராக்கா ஜீன் கோளாறு உள்ள பெண்களுக்கு இது இன்னும் குழப்பும். அவர்களுக்கு ஓவரியிலும் மார்பிலும் தனித்தனியாகவே கேன்சர் வரலாம். ஆகவே அங்கே பரவலா, புதுசா என்று சாயம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

பிளாக்கைக் கொண்டுவருவது பற்றி ஒன்று. மெழுகு 56 முதல் 60 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய கார் அந்தச் சூட்டை எட்டிவிடும். ஒருவர் டாஷ்போர்டில் வைத்துக் கொண்டுவந்து, சட்டம் முழுக்க வழிந்த மெழுகோடு நீட்டினார், பாவம். பஞ்சு சுற்றி டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எஞ்சின் பக்கம் வேண்டாம். ஸ்லைடு உடைந்தால் பிளாக்கிலிருந்து வேறு வெட்டிக்கொள்ளலாம், பிளாக் போனால் போனதுதான். இன்னொன்று, லேபிலிருந்து எல்லா பிளாக்கையும் வாங்கிவர வேண்டியதில்லை. நோய் நன்றாகத் தெரிகிற ஒன்றோ இரண்டோ போதும், மீதி அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்.

சென்னை வருவதானால் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்தது, பர்மாக்காரர்களுக்குப் பழகிய இடம். ஆனால் நர்ஸ் அம்மா சொன்னதுதான் சரி. ஊசி டெஸ்டுக்காக ஒருவர் கடல் தாண்ட வேண்டாம்.

மோல்மீன்மகள் எழுதியது:

இருபத்தாறு நாளுக்கப்புறம் வருகிறேன். நடுவில் ஆறு நாள் இணையமே இல்லை. எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

நர்ஸ் அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கன்னியாஸ்திரீ கதை வரும்வரை காது கொடுக்கவே இல்லை. அதைக் கேட்டதும் "அப்ப நான்தான் கண்டுபிடிச்சேன், அந்தக் கிளினிக்குக்காரன் இல்ல" என்றார். மறுநாள் அவரே பை எடுத்து வைத்தார். ரங்கூன் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க. வழியில் இறங்கி இறங்கி அடையாள அட்டை காட்டியது வேறு.

ஊசி டெஸ்டு இரண்டு நிமிடம்தான். அம்மா முகம் சுளிக்கக்கூட இல்லை. பழைய பிளாக் கிடைப்பதற்குத்தான் நான்கு நாள் அலைந்தேன். பதிவேட்டில் அம்மா பெயரை பர்மியப் பெயரில் எழுதியிருந்தார்கள், நான் தமிழ்ப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தேன். நம்மில் இரண்டு பெயர் இருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மெழுகுக்கட்டி அண்ணா சொன்னபடி பஞ்சு சுற்றி, என் பித்தான் டப்பாவில் வைத்துத்தான் லேபுக்குக் கொண்டுபோனேன்.

முடிவு வந்துவிட்டது. அதேதான். பேக்ஸ் 8 பிடித்திருக்கிறது, பழைய ஸ்லைடோடு ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சிடியில் உதரவிதானத்தின் அடியில் வலது பக்கம் இரண்டு சின்னக் கட்டிகள், இடது தொடை இடுக்கில் ஒரு நெறி. நெஞ்சு சுத்தம், ஈரல் சுத்தம். நர்ஸ் அக்கா நீர் ஓடுகிற வழி என்று எழுதிய இடத்திலேயே அது இருக்கிறது. படத்தைக் காட்டி சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) விரல் வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கீமோ முடிந்து இரண்டரை வருடம் கழித்து வந்திருப்பதால் பழைய மருந்தே மறுபடி கேட்கும் என்றார் சயாமா. ஆறு மாதத்துக்குள் திரும்பியிருந்தால்தான் கஷ்டமாம். அடுத்த வாரம் கார்போபிளாட்டினோடு ஆரம்பிக்கிறோம். குணமாகிவிடுமா என்று நான் கேட்டேன். அடக்கி வைக்கலாம் என்றார். அதைத் தமிழில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அம்மாவுக்கு பர்மியம் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து டீக்கடையில் பலாட்டா, அதுதான் நம் பரோட்டா, வாங்கித் தரச் சொன்னார். முழுசாகச் சாப்பிட்டார்.

இரண்டு சந்தேகம். அந்த பிராக்கா டெஸ்ட் எனக்கு வேண்டுமா? எனக்கு 38, தங்கைக்கு 33. இன்னொன்று அம்மா கேட்கச் சொன்னது. எண்ணெய் வைப்பதை நிறுத்த வேண்டுமா?

மெழுகுக்கட்டி எழுதியது:

டெஸ்ட் முதலில் அம்மாவுக்குத்தான், உங்களுக்கு இல்லை. இந்த வகை ஓவரி கேன்சரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு அந்த ஜீன் கோளாறு இருக்கிறது. அம்மாவிடம் இல்லையென்றால் உங்களுக்குத் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆண்களும் அதைச் சுமப்பார்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு இருப்பது தெரிந்தால் கீமோவுக்குப்பின் ஒலாபரிப் போன்ற மாத்திரையைப் பற்றி டாக்டர் யோசிக்கவும் அது உதவும். ரத்தம் கொடுத்தால் போதும்.

பழைய நர்ஸ் எழுதியது:

பலாட்டா முழுசாக உள்ளே போனது எனக்குச் சிடி ரிப்போர்ட்டைவிடச் சந்தோஷம்.

கீமோவுக்குப் போகுமுன் ஒன்று. கார்போபிளாட்டின் முதல் சுற்றில் ஆறு ஊசி ஆகிவிட்டது. இரண்டாம் சுற்றில், மொத்தக் கணக்கில் ஏழு, எட்டாவது ஊசி ஏறும்போதுதான் சிலருக்கு அலர்ஜி வரும். முன்பு ஒன்றும் ஆகவில்லையே என்று அசட்டையாக இருக்காதே. உள்ளங்கை அரிப்பு, முகம் சிவப்பது, நெஞ்சு இறுக்கம், எதுவானாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடச் சொல். ஊசி ஏறும்போது நீ டீ குடிக்க வெளியே போகாமல் பக்கத்திலேயே உட்கார்.

எண்ணெய் வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல். தொட்டு வைத்தால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கட்டியின் தோல் உடைந்து கசிந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு, சுத்தமான துணி வைத்துக் கட்டிக்கொண்டு சயாமாவிடம் காட்டுங்கள்.